குடக்கூலிக்கு ஒரு வீடு

புதுச்சேரியில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டா, சகோதரிகளே? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. உண்டு என்றால், நான் எழுதப் போகும் முதல் பத்தியை நீங்களே எழுதிவிடலாம். 'டு-லெட்' பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டியதும் வருகிற முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்பது. இரண்டாவது, "என்ன உத்தியோகம்?" மூன்றாவது கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?", "குலதெய்வம் எது?", "வீட்டிலே கவுச்சி சமைப்பீங்களா?" என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்பார்கள். நாலாவது, அட்வான்ஸ். அந்தத் தொகையைக் கேட்டதும் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாங்கள் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த வீடு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம். ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் ரிடையரான வாத்தியாரும் அவர் சம்சாரமும். பின்கட்டில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்பிள்ளை. புருஷன் இல்லை, ஒன்பதாவது படிக்கும் மகள் ஒருத்தி. வீட்டுக்காரர் காலமானார். பிள்ளைகள் கடல் கடந்து இருப்பவர்கள். வந்தார்கள், விற்றார்கள், போனார்கள். வாங்கியவருக்கு அங்கே விருந்தினர் விடுதி நடத்த ஆசை. கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களில் ஆரம்பித்த இந்த மோகம் பெரிய வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. சனி ஞாயிறுக்கு வருகிறவர் ஒரே ராத்திரிக்குக் கொடுப்பதை நாங்கள் மாசம் முழுவதும் இருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வாங்கினவரை நான் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்தார். முன்பணத்தையும் கையில் எண்ணி வைத்தார். அந்த மட்டில் நல்ல மனுஷர்.

வாத்தியார் தம்பதி சென்னைக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்தோம். வாடகை முன்னைப்போல் இரண்டரை மடங்கு. தையல்காரிக்கு ஊருக்குள் ஒன்றும் அமையவில்லை. "தனியா இருக்கிற பொம்பளைக்குக் கொடுக்கிறதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. கடைசியில் வில்லியனூரையும் தாண்டி ஓர் ஒற்றை அறைக்குப் போனாள். வாடகை குறைச்சல்தான். ஆனால் ஒரு ரவிக்கைக்காக வில்லியனூருக்கு மேலே யார் போவார்கள், சொல்லுங்கள்? வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள். பெண் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

இந்தச் சமயத்தில்தான் பிரான்சிலிருந்து என் நாத்தனார் போன் பண்ணினாள்.

"அண்ணி, ஆஷெலெம் கிடைச்சுட்டுது!"

பக்கத்தில் இருந்த என் மாமியாருக்கு நெஞ்சு திக்கென்றது. "என்னடி அது, எந்த டாக்டரைப் பார்த்தே?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது வியாதி இல்லை, வீடு என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் நாத்தனார் பிரான்சுக்குப் போன விதம் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். அவளுடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் நிர்வாகத்துக்கு வந்தது. உடன்படிக்கை 1956-ல் கையெழுத்தாகி, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல்தான் நடந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், விருப்பப்பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம் என்று ஏற்பாடு. சில ஆயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸின் வடபுறத்து நகரங்களில் இன்று ஏராளம். கல்யாணச் சந்தையில் அந்தப் பிரஜா உரிமைக்கு என்ன விலை என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், இப்போது வேண்டாம்.

போன புதிதில் அவர்கள் இருந்தது ஒரு தனியார் கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில், ஒரே அறை. புருஷனுக்கு விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை. இவளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திர வேலை. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போயிற்று. அப்போதுதான் அதே மாடியில் இருந்த ஒரு காரைக்கால் அம்மாள், "முதல்ல போய் நம்பர் வாங்கும்மா. வீடு எப்ப வேணா வரட்டும், நம்பர் முதல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைதான் எட்டு வருஷம் கழித்து வீடாக வந்தது.

ஆஷெலெம் என்பது மூன்று பிரெஞ்சு எழுத்துகள். 'மிதமான வாடகை வீடு' என்று பொருள். சர்க்காரின் உதவியோடும் சட்டத்தின் கட்டுப்பாட்டோடும், நகரசபையைச் சார்ந்த வீட்டு அலுவலகங்களும் லாப நோக்கில்லாத சங்கங்களும் கட்டி, வாடகைக்கு மட்டுமே விடுகிற வீடுகள். நாடு முழுவதும் சுமார் ஐம்பது லட்சம் வீடுகள் இப்படி இருக்கின்றன. ஒரு கோடிப் பேர் அவற்றில் குடியிருக்கிறார்கள். பாரிஸ் பக்கத்தில் இந்த வாடகை வெளி வாடகையில் பாதிக்கும் குறைவாகக்கூட இருக்கும். இலவசம் அல்ல, தர்மமும் அல்ல. உத்தியோகஸ்தர்களும் நர்சுகளும் பஸ் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வருமானம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு மட்டும் உண்டு. அது குடும்பத்தில் தலைகள் கூடக் கூட உயரும். ஊருக்கு ஊரும் மாறும்.

அங்கே வீடு கிடைக்கிற வழியை நாத்தனார் எனக்குத் துண்டு துண்டாக, பல ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னாள். உங்களில் யாருடைய பெண்ணோ பேத்தியோ அங்கே போவதாக இருந்தால் உபயோகப்படும். இங்கேயே இருக்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆகும்.

முதலில் ஒரு விண்ணப்பம். நாடு முழுவதற்கும் ஒரே படிவம். நகரசபையிலும் கொடுக்கலாம், இப்போது கம்ப்யூட்டர் மூலமாகவும் அனுப்பலாம். அடையாளச் சீட்டு வேண்டும். அயல்நாட்டாராக இருந்தால் சட்டப்படி வசிக்கும் அனுமதி வேண்டும். அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்தான் உங்கள் ஆயுள் ரேகை. எத்தனை அலுவலகங்களுக்கு உங்கள் மனு போனாலும் எண் ஒன்றே. அதைக் கொடுப்பதற்கு ஒரு காசு கட்டணம் இல்லை. "நான் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அவர் மோசக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். நம்முடைய தமிழ் ஜனங்களே சிலர், பாஷை தெரியாதவர்களிடம் அப்படிக் கறந்ததுண்டாம். கேட்கவே வெட்கமாக இருந்தது.

எண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால், காத்திருந்த காலமெல்லாம் அடிபட்டுப் போய் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். நாத்தனார் இங்கிருந்து தினசரிக் காலண்டர் வரவழைத்து, ஆடிப் பூரத்துக்கு வட்டம் போடுவதுபோல் அந்தத் தேதிக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாளாம். குழந்தை பிறந்தால், வேலை மாறினால், உடனே தெரிவித்து மனுவைத் திருத்த வேண்டும். வரி கட்டும் வருமானம் இல்லாவிட்டாலும் வருஷந்தோறும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். உச்சவரம்பைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்திய வரி அறிவிப்பைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். "கணவர் பேரில்தானே கணக்கு, எனக்கென்ன" என்று இருந்துவிடக்கூடாது.

வீடுகளை யார் பங்கிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பங்கு நகரசபைக்கு. ஒரு பங்கு சர்க்காரின் மாவட்ட அதிகாரிக்கு. இன்னொரு பங்கு முதலாளிகளுக்கு! 1953-லிருந்து அங்கே தொழில் நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் நூற்றுக்கு ஒன்று வீட்டு வசதிக்காகக் கட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். விகிதம் பிற்பாடு குறைந்தாலும் வழக்கம் நிற்கவில்லை. ஆகையால் வேலை செய்கிற இடத்திலும் கேட்கலாம். என் நாத்தனாருக்கு வீடு வந்தது நகரசபை வழியாக அல்ல, புருஷனுடைய கம்பெனி வழியாகத்தான்.

வீடு காலியானதும் ஒரு குழு கூடும். பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு மூன்று மனுக்களையாவது பார்க்க வேண்டும். பார்த்து வரிசைப்படுத்துவார்கள். முதலில் நிற்பவருக்குக் கடிதம் போகும். பதில் சொல்லப் பத்து நாள். வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு. முன்பணம் ஒரு மாத வாடகை. அதற்கு மேல் கிடையாது. குடி போகும்போது சுவரில் எத்தனை ஆணி, குழாய் சொட்டுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று இருவருமாகப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதைக் கேட்டபோது, நாங்கள் காலி செய்த பழைய வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை வீட்டுக்காரர் பிள்ளை உற்றுப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்கும் மேலே, வாடகை கட்டச் சக்தி போதாதவர்களுக்குக் குடும்ப உதவிப் பண நிலையம் ஒன்று மாதாமாதம் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. 'காஃப்' என்று அதற்குப் பெயர். பணம் குடித்தனக்காரர் கைக்கு வராமல் நேராக வீட்டு அலுவலகத்துக்கே போய்விடும். குடிக்கிற புருஷன் உள்ள வீடுகளில் இதன் அருமை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. மலிவு வீட்டுச் சட்டத்தை அங்கே 1894-லேயே செய்தார்கள். நகரங்கள் தாமே வீட்டு அலுவலகம் அமைக்கலாம் என்று 1912-ல் ஒரு சட்டம் வந்தது. 1950-ல் ஆஷெலெம் என்ற பெயரும் வைத்தாயிற்று. ஆனாலும் யுத்தத்தில் இடிந்த ஊர்களில் ஜனங்கள் இடமில்லாமல் தவித்தார்கள். 1954-ஆம் வருஷத்துக் குளிர் காலம் மகா கொடுமையானது. பிப்ரவரி 1-ஆம் தேதி அபே பியேர் என்ற பாதிரியார் ரேடியோவில் பேசினார். அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பாரிஸில் செபாஸ்தபோல் வீதியின் நடைபாதையில் ஒரு பெண்மணி குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். அவளை வீட்டிலிருந்து வெளியேற்றிய உத்தரவுக் காகிதம் அவள் கையிலேயே இருந்தது. இதைத்தான் அவர் சொன்னார். தேசமே பதறிப் போயிற்று. போர்வையும் பணமும் மலையாகக் குவிந்தன; சர்க்காரும் ஆயிரக்கணக்கில் வீடு கட்ட முனைந்தது. குளிர் காலத்தில் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் 1956-ல் வந்தது. அந்தத் தடை இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. அந்தப் பாதிரியார் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, 2024-ல், பல பெண்கள் அவர்மேல் கடுமையான புகார்கள் சொன்னார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நடைபாதையில் கிடந்தவள் கையில் இருந்த காகிதத்தை அது பொய்யாக்கிவிடாது.

2007-ல் இன்னொரு படி மேலே போனார்கள். வீடு என்பது கோர்ட்டில் கேட்டு வாங்கக்கூடிய உரிமை என்று சட்டம் செய்தார்கள். நியாயமில்லாமல் நெடுங்காலம் காத்திருந்தவரும், தெருவில் விடப்பட்டவரும், ஒரு குழுவிடம் முறையிடலாம். குழு ஒப்புக்கொண்ட பிறகும் வீடு வராவிட்டால் சர்க்கார்மேலேயே வழக்குப் போடலாம்.

அதற்காக அங்கே தேவலோகம் என்று எண்ணிவிடாதீர்கள். இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் காத்திருக்கின்றன. பாரிஸுக்குள் பத்து வருஷம் காத்திருந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு பெரிய ஊரும் தன் வீடுகளில் நூற்றுக்கு இருபது இப்படிப்பட்டதாக வைத்திருக்க வேண்டும் என்று 2000-ல் சட்டம் வந்து, 2013-ல் அதைப் பல ஊர்களுக்கு இருபத்தைந்தாக உயர்த்தினார்கள். நெய்யி என்ற பணக்கார ஊர், ஏழைகள் வந்து குடியேறுவதைவிட அபராதம் கட்டுவது மேல் என்று வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யார் வரக்கூடாது என்பதில் மனுஷ சுபாவம் கடல் கடந்தும் மாறவில்லை.

என் நாத்தனாருக்கு வீடு கிடைத்த சார்செல் என்ற ஊருக்கே ஒரு கதை உண்டு. 1950-களின் மத்தியில் வெறும் வயலாக இருந்த இடத்தில் அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி, குடும்பங்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வீட்டுக்குள்ளே குழாயும் குளியலறையும் பார்த்தறியாதவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஆண்கள் ரெயிலேறிப் பாரிஸுக்குப் போனபின், கடையும் இல்லை, சினிமாவும் இல்லை, பேச ஆளும் இல்லை. பெண்களுக்கு ஒரு மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. 1960-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் அதற்கு 'சார்செலித்' என்று, ஊர்ப் பெயரை வைத்தே வியாதிக்குப் பெயர் சூட்டின. என் மாமியார் பயந்தது அவ்வளவு தப்பில்லை பார்த்தீர்களா! இன்று அங்கே கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. எதிர்க் கட்டடத்திலேயே வில்லியனூர்க்காரர்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் மட்டும் மாதத்தில் பாதி நாள் ஓடாதாம். ஐந்தாவது மாடி.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் நமக்குத் தெருப்பெயர்களை விட்டுப் போனார்கள். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை விட்டுப் போனார்கள். கடற்கரையில் நகரசபைக் கட்டடத்தையும் விட்டுப் போனார்கள். நகரசபைக்குப் பிரெஞ்சில் 'மேரி'. அதனால் அது மேரி கட்டடம். புதிதாக வருகிறவர்கள் மாதா கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பழைய அச்சிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். கட்டடம் எழுந்துவிட்டது. ஆனால் உள்ளே உட்கார்ந்து வீட்டு மனு வாங்க ஒரு நகரத் தலைவர் வேண்டாமா? புதுச்சேரியில் நகரசபைத் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்ததும், மறுபடி வருஷக்கணக்கில் தேர்தலே இல்லை. ஆஷெலெம் என்கிற சொல் இங்கே வேர் விடாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நம் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். வீட்டு வசதி வாரியம் இருக்கிறது. மனையும் வீடும் தவணைக்குக் கொடுத்திருக்கிறது. சர்க்கார் சிப்பந்திகளுக்கு லாஸ்பேட்டையில் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. குடிசை மாற்று வாரியம் அடுக்கு வீடுகள் கட்டியிருக்கிறது. பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீட்டுத் திட்டத்தில் குடிசையைக் கல் வீடாக்கப் பணம் கொடுத்து, எத்தனையோ குடும்பங்கள் ஒழுகாத கூரையின் கீழ் படுக்கின்றன. ஆனால் எங்கள் தையல்காரியை இவற்றில் எங்கே வைப்பது, நீங்களே சொல்லுங்கள். சர்க்கார் உத்தியோகம் இல்லை. அதனால் குவார்ட்டர்ஸ் இல்லை. சொந்த மனைப்பட்டா இல்லை. அதனால் கட்டப் பணம் இல்லை. குடிசையில் இல்லாமல் ஓட்டு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்துவிட்டாள். அதனால் குடிசை மாற்றுக் கணக்கிலும் வரவில்லை. தவணைக்கு வீடு வாங்க முன்பணம் எங்கே போவாள்?

நம் திட்டங்கள் எல்லாம் சொந்த வீட்டையே கண்ணில் வைத்துப் போட்டவை. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற பழமொழியைச் சொல்லி என் வீட்டுக்காரர்கூட என்னோடு வாதாடினார். பழமொழி 'தனி வளை' என்றுதானே சொல்கிறது, 'சொந்த வளை' என்று எங்கே சொல்கிறது என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

வாடகை வீடு என்கிற எண்ணம் டில்லிக்கு வந்தது 2020-ல். கொரோனா ஊரடங்கில் வேலை செய்த ஊர்களில் வாடகை கட்ட முடியாமல் ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக நெடுஞ்சாலையில் நடந்தார்களே, அதைப் பார்த்த பிறகு. அந்த ஜூலையில் கட்டுப்படியாகும் வாடகைக் குடியிருப்புத் திட்டம் என்று ஒன்றை மத்திய மந்திரி சபை ஏற்றுக்கொண்டது. சர்க்கார் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விடுவது அதில் ஒரு வழி. சண்டீகரில் அப்படி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை வாடகைக் குடியிருப்பாக்கினார்கள். பிறகு 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாவது கட்டத்திலும் வாடகை வீட்டுக்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். சொந்த வீடு வாங்க வசதி இல்லாதவர், வாங்க விருப்பம் இல்லாதவர், பிழைக்க வந்தவர், வேலைக்குப் போகும் பெண்கள், படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். வருஷ வருமானம் மூன்று லட்சத்துக்குள் என்றால் நலிந்த பிரிவு. ஆறு லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு. திட்டத்துக்கு ஐந்து வருஷக் கெடு. மனு போகவேண்டிய இடம் நகரசபையும் மாநிலத்தின் வீட்டு வசதித் துறையும்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சர்க்காரே 'தோழி' என்று விடுதிகள் நடத்துகிறது. தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி என்று பல ஊர்களில். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற குடியிருப்பு ஒன்றைத் திறந்தார்கள். தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்காக. ஆனால் கட்டில் ஒன்று தருவது வேறு, குழந்தையோடு அடுப்பு மூட்ட இடம் தருவது வேறு. இடம் எங்கே என்பதும் முக்கியம். சென்னையில் கால்வாய் ஓரத்தில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் அடுக்கு வீடு கொடுத்தபோது, கூரை கிடைத்தது. பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை செய்து சம்பாதித்த பெண்களுக்கு அந்த வேலை போயிற்று. வில்லியனூருக்கு மேலே தையல் மிஷினைக் கொண்டுபோய் வைத்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன மாதம் அவள் என்னிடம் வந்தாள். நாத்தனார் சொன்னதையெல்லாம் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "அக்கா, ஒரு மனு எழுதிக் கொடுங்க. குடுத்துத்தான் பார்ப்போமே" என்றாள். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், குடியிருந்த வீட்டு வாடகைச் சீட்டு எல்லாம் நகலெடுத்தோம். வாடகைச் சீட்டு இருந்ததே அதிர்ஷ்டம். பல வீட்டுக்காரர்கள் கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. இனிமேல் கேட்டு வாங்கி வையுங்கள்; எந்த ஊரிலே, எத்தனை வருஷமாக, எவ்வளவுக்குக் குடியிருந்தீர்கள் என்பதற்கு அதைப்போல் சாட்சி வேறில்லை. மனுவில் '2024-ஆம் ஆண்டுத் திட்டத்தின் வாடகைப் பிரிவில், ஊருக்குள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக' என்று அவள் சொன்னபடியே எழுதினேன்.

காரியாலயத்தில் எங்களைப் பார்த்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாடகைக்கா? எல்லாரும் சொந்த வீட்டுக்குத்தானேம்மா மனுக் கொடுப்பாங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குப் புதிதாக இருந்தது. உள்ளே போய் யாரையோ கேட்டார். ஒரு புஸ்தகத்தைப் புரட்டினார். எந்த மேஜைக்கு அனுப்புவது என்று அங்கே இரண்டு அபிப்பிராயம் இருந்தது; முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நகலின்மேல் முத்திரை குத்தி, தேதி போட்டு, ஒரு வரிசை எண்ணும் எழுதிக் கொடுத்தார். "எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றும் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவள் அந்தக் காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, வெளியே எடுத்து முத்திரையின் தேதியை இன்னொரு தடவை படித்தாள். "அடுத்த வருஷம் இதே தேதியிலே வந்து ஞாபகப்படுத்தணும், இல்லையாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வில்லியனூர் பஸ் வந்தது, ஏறிப் போனாள்.